அடியில் கட்டுகிறோம், லிட்டரில் நிரப்புகிறோம்: கனஅடி, கேலன், லிட்டர் கணக்குக்கு ஒரு முழு வழிகாட்டி

வீட்டுக்கு முன்னால் சம்ப் தோண்டியபோது மேஸ்திரியிடம் கேட்டேன், எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று. "எட்டுக்கு ஆறு, அஞ்சடி ஆழம். கனஅடிக்கு முப்பது லிட்டர்னு வச்சுக்குங்க சார், ஏழாயிரத்துக்கு மேலயே நிக்கும்" என்றார். கணக்கு 7,200 லிட்டர் என்று வந்தது. கோடையில் முதல் லாரி வந்து நிரப்பியபோது உள்ளே போனது ஆறாயிரத்துச் சொச்சம்தான். ஆயிரம் லிட்டர் எங்கே போனது? மேஸ்திரி ஏமாற்றவில்லை, குழி சரியாகத்தான் இருந்தது. இரண்டு சின்னத் தவறுகள் கைகோத்துக்கொண்டு எழுபது குடத் தண்ணீரை விழுங்கியிருந்தன. அவை எவை என்று போகப் போகப் பார்க்கலாம்.

இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவைக் கொண்டுவந்தது. பாலும் பெட்ரோலும் லிட்டருக்கு மாறிவிட்டன. ஆனால் மனையும் சுவரும் குழியும் அணையும் அடியைவிட்டு அசையவில்லை. அதனால் நம் ஊரில் இந்த மாற்றுக் கணக்கு பள்ளிப் பாடத்தோடு முடிவதில்லை. சம்ப் கட்டும்போது வரும், கான்கிரீட் வாங்கும்போது வரும், மேட்டூர்ச் செய்தி படிக்கும்போது வரும்.

இன்னொன்று: வழிகாட்டி என்றால் "படி 1, படி 2" என்று எழுதுவது வழக்கம். கொள்ளளவு பற்றிய கட்டுரையில் அப்படி எழுதக் கை வரவில்லை. எட்டு ஆழாக்குக்கு ஒரு படி என்று எங்கள் பாட்டி அளந்து போட்டது நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே எண் போடாமல் வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் தாய் எண்: 28.3168

முதலில் இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். பிறகு மறக்காது.

ஓர் அங்குலம் என்பது மிகச் சரியாக 2.54 சென்டிமீட்டர். 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் சேர்ந்து இப்படி முடிவு செய்தன. இது தோராயம் அல்ல, வரையறை. ஆகவே ஓர் அடி 12 × 2.54 = 30.48 செ.மீ. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓர் அடி கொண்ட பெட்டியின் கொள்ளளவு 30.48 × 30.48 × 30.48 = 28,316.8 கன சென்டிமீட்டர். ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர். எனவே:

1 கனஅடி = 28.3168 லிட்டர்

1,000 லிட்டர் (1 கனமீட்டர்) = 35.31 கனஅடி

இங்கே பலர் வழுக்கி விழுவார்கள். ஒரு மீட்டர் 3.28 அடி என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நினைப்பில் ஒரு கனமீட்டரும் 3.28 கனஅடி என்று போட்டுவிடுவார்கள். கனம் என்றால் மூன்று பக்கமும் பெருக வேண்டும். 3.28-ஐ மூன்று முறை பெருக்கினால்தான் 35.3 வரும். பரப்புக்கு இரண்டு முறை: ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி.

கையில் போன் இல்லாதபோது மனக்கணக்குக்கு இரண்டு வழிகள். ஒன்று, 28-ஆல் பெருக்கி, வந்த விடையில் நூற்றில் ஒரு பங்கைச் சேர்ப்பது. பிழை ஆயிரத்துக்கு ஒன்றரை கூட இராது. இரண்டாவது இன்னும் சோம்பேறி வழி: ஏழால் வகுத்து இருநூறால் பெருக்குவது. இது நூற்றுக்கு ஒன்று கூடுதலாகக் காட்டும், அவசரத்துக்குப் போதும். மேஸ்திரியின் முப்பது மட்டும் வேண்டாம். அது நூற்றுக்கு ஆறு கூடுதல்.

சம்ப் அளப்பது

டேப்பை உள்சுவரிலிருந்து உள்சுவருக்குப் பிடியுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்றால், வெளி அளவுக்கும் உள் அளவுக்கும் இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை அடி வித்தியாசம். பூச்சு முடிந்த பிறகு அளந்தால் இன்னும் நல்லது.

அடுத்து அங்குலத்தை அடியாக்குங்கள். உள்ளதிலேயே அதிகம் பேர் தவறும் இடம் இது. 4 அடி 9 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 4.9 என்று தட்டுவார்கள். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், பத்து அல்ல. 9-ஐ 12-ஆல் வகுத்தால் 0.75. ஆகவே அது 4.75 அடி. 3 அங்குலம் 0.25, 6 அங்குலம் 0.5, 8 அங்குலம் 0.67. இதில் ஒரு வினோதம், 5 அடி 11 அங்குலத்தை 5.11 என்று போட்டால் அளவு குறையும், 5 அடி 9-ஐ 5.9 என்று போட்டால் கூடும். தவறு எந்தப் பக்கம் சாயும் என்றுகூடச் சொல்ல முடியாது.

பிறகு ஆழம். தரையிலிருந்து மேல்தளம் வரை அளக்கக் கூடாது. தண்ணீர் எதுவரை நிற்குமோ அதுவரைதான். வழியும் குழாய் மேலிருந்து அரை அடி கீழே இருந்தால், ஐந்தடி சம்ப் கணக்குக்கு நாலரை அடிதான். என் வீட்டுக் கணக்கு இப்படி:

8 × 6 × 4.5 = 216 கனஅடி

216 × 28.3168 = 6,116 லிட்டர்

மேஸ்திரியின் 7,200-க்கும் இதற்கும் இடையே காணாமல் போன 1,084 லிட்டரில் சுமார் 680 லிட்டரை அந்த மேல் அரை அடி எடுத்துக்கொண்டது. மீதி நானூறும் முப்பதால் பெருக்கிய வினை. இதில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. மோட்டாரின் உறிஞ்சு குழாய் தரையைத் தொடாது. அடியில் நாலு அங்குலம் எப்போதும் நின்றுவிடும். அது கொள்ளளவில் சேரும், நமக்குக் கிடைக்கும் தண்ணீரில் சேராது.

சம்ப் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அங்குலக் கணக்கு. தரைப் பரப்பு 8 × 6 = 48 சதுர அடி. தண்ணீர் ஓர் அங்குலம் ஏறினால் 48-ஐ 12-ஆல் வகுக்க, 4 கனஅடி. அதாவது 113 லிட்டர். மூடியின் உட்புறம் "1 இன்ச் = 113 லி" என்று பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு குச்சியை விட்டு எடுத்தால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். லாரிக்காரர் ஆறாயிரம் லிட்டர் ஊற்றினேன் என்றால் மட்டம் 53 அங்குலம் ஏறியிருக்க வேண்டும். சண்டை போட வேண்டியதில்லை, குச்சியைக் காட்டினால் போதும்.

வட்டத் தொட்டி, கிணறு, உறை என்றால் சூத்திரத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். விட்டம் × விட்டம் × உயரம் × 22.24. அளவுகள் அடியில், விடை லிட்டரில். (22.24 என்பது 28.3168-ஐ π-யின், அதாவது 3.1416-இன், கால் பங்கால் பெருக்கியது.) மூன்றடி விட்டமும் ஓரடி உயரமும் கொண்ட சிமென்ட் உறைக்கு 3 × 3 × 1 × 22.24 = 200 லிட்டர். அழகாக உட்கார்ந்துவிட்டது: மூன்றடி உறை ஒன்றுக்கு இருநூறு லிட்டர். இருபது அடி விட்டக் கிணற்றில் பதினைந்து அடி தண்ணீர் நின்றால் 20 × 20 × 15 × 22.24 = 1,33,440 லிட்டர்.

மொட்டை மாடியில் விழும் மழை

2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எல்லோரும் குழாயை இறக்கினோம். எவ்வளவு இறங்கும் என்று பலர் கணக்குப் பார்க்கவில்லை. ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குலம் மழை பெய்தால் 1,000 ÷ 12 = 83.3 கனஅடி, அதாவது 2,360 லிட்டர்.

விடையை மெட்ரிக்கில் திருப்பிப் போட்டுச் சரிபாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சரியாக ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி 92.9 சதுர மீட்டர், ஓர் அங்குலம் 25.4 மி.மீ. பெருக்கினால் அதே 2,360. வானிலைச் செய்தியில் மழை மி.மீ. அல்லது செ.மீ.யில்தான் வருகிறது. ஆகவே இங்கே மட்டும் அடியை விட்டுவிட்டு மெட்ரிக்கில் போவதே சுகம். ஆவியாவதும் தளம் குடிப்பதும் போக நூற்றுக்கு எண்பது கைக்கு வந்தால் நல்லது.

யூனிட்டும் கனமீட்டரும்

தமிழ்நாட்டில் மணல், எம்-சாண்ட், ஜல்லி எல்லாம் யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் 100 கனஅடி, அதாவது 2.83 கனமீட்டர். ஆனால் ரெடிமிக்ஸ் கான்கிரீட் கனமீட்டரில் விற்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் வீடு கட்டுபவர் நிற்கிறார்.

ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குலக் கூரை போடுகிறீர்கள் என்று வையுங்கள். 1,000 × 5 ÷ 12 = 416.7 கனஅடி. இதை 35.31-ஆல் வகுத்தால் 11.8 கனமீட்டர். ஆறு கனமீட்டர் கொள்ளும் லாரி இரண்டு வந்தால் 12. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் என்னைக் கேட்டால் இது ஆபத்தான சரி. உத்திரங்களின் கான்கிரீட் இதில் சேரவில்லை, சிந்துவதும் சேரவில்லை. பலகை ஓரிடத்தில் அரை அங்குலம் தொய்ந்தாலும் நடுவில் தீர்ந்துபோகும், மூன்றாவது லாரிக்குக் காத்திருக்கும்போது போட்ட கான்கிரீட் இறுகிவிடும். உத்திரத்தைத் தனியாக அளந்து சேர்த்துவிட்டு, மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்தாவது கூட்டிச் சொல்லுங்கள்.

டி.எம்.சி., கனஅடி, எம்.எல்.டி.: செய்தித்தாள் படிப்பது எப்படி

"மேட்டூரிலிருந்து 20 ஆயிரம் கனஅடி நீர் திறப்பு" என்று தலைப்பு வருகிறது. இதில் ஒரு சொல் விழுங்கப்பட்டிருக்கிறது: வினாடிக்கு. வெறும் 20 ஆயிரம் கனஅடி என்றால் 5.66 லட்சம் லிட்டர், பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி 47. ஒரு தெருவுக்குத்தான் காணும். வினாடிக்கு என்று சேர்த்தால்தான் அது ஆறு. இதைத்தான் கியூசெக் என்கிறார்கள். ஒரு கியூசெக் ஒரு நாள் முழுக்க ஓடினால் 24.47 லட்சம் லிட்டர்.

டி.எம்.சி. என்பது ஓட்டம் அல்ல, இருப்பு. ஆயிரம் மில்லியன் கனஅடி, நம் கணக்கில் நூறு கோடி கனஅடி. ஒரு டி.எம்.சி. 2,832 கோடி லிட்டர், அல்லது 28.3 மில்லியன் கனமீட்டர். பாருங்கள், சம்ப்பில் வந்த அதே 28.3 இங்கேயும் வந்துவிட்டது.

ஓட்டத்தை இருப்பாக்க ஒரே எண் போதும்: 0.0864. ஒரு நாளில் 86,400 வினாடிகள், அதிலிருந்து பிறந்த எண். ஆயிரம் கனஅடி வீதம் ஒரு நாள் ஓடினால் 0.0864 டி.எம்.சி. இருபதாயிரம் என்றால் 1.73 டி.எம்.சி. திருப்பிச் சொன்னால், ஒரு நாளில் ஒரு டி.எம்.சி. வர வேண்டுமானால் வினாடிக்கு 11,574 கனஅடி வேண்டும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தால் காவிரிச் செய்திகளில் பாதி புரியும்.

உதாரணம்: 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. லிட்டரில் அது ஐந்து லட்சம் கோடி. தலை சுற்றும் எண்தான். ஆனால் 365 நாளும் சீராக ஓடினால் வினாடிக்கு சுமார் 5,600 கனஅடிதான். வெள்ளக் காலத்தில் ஒரே வாரத்தில் வந்து போகும் தண்ணீரையும் வறண்ட மாதத்தில் சொட்டாக வருவதையும் இந்தச் சராசரியோடு வைத்துப் பார்த்தால், சண்டை ஏன் ஆண்டு அளவோடு நிற்காமல் மாத அளவுக்கு வருகிறது என்பது விளங்கும்.

மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு மட்டம் 120 அடி. மட்டம் 60 அடி என்று செய்தி வந்தால் அணை பாதி நிரம்பியிருக்கிறது என்று நினைக்காதீர்கள். அணை பெட்டி வடிவம் அல்ல, பள்ளத்தாக்கு. கீழே குறுகி மேலே விரியும். மேல் அடிகளில்தான் தண்ணீர் அதிகம். பாதி மட்டத்தில் பாதியைவிட வெகு குறைவாகவே இருக்கும். சம்ப்பில் செய்த அங்குலக் கணக்கு இங்கே செல்லாது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி. ஏரி இருப்பு மில்லியன் கனஅடியில் சொல்லப்படும், வீட்டுக்கு வரும் குடிநீர் எம்.எல்.டி.யில். எம்.எல்.டி. என்றால் நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர். மில்லியன் கனஅடியை 28.3-ஆல் பெருக்கினால் மில்லியன் லிட்டர் வந்துவிடும். செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அது 1,03,215 மில்லியன் லிட்டர். நாளுக்கு 1,000 எம்.எல்.டி. எடுப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஏரி நிரம்பியிருந்தும் நூறு நாளுக்குத்தான். வெயில் குடிப்பது தனி. 1983 ஒப்பந்தத்தில் ஆந்திரா தர வேண்டிய கிருஷ்ணா நீர் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. அதை நாளுக்குப் பிரித்தால் 931 எம்.எல்.டி. ஒரு நகரத்தின் தாகத்தோடு ஒப்பிட இந்த எண்தான் உதவும். 12 என்ற எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

எந்த கேலன்?

லண்டனில் இருக்கும் தம்பியும் டல்லாஸில் இருக்கும் அக்காவும் கேலன் என்று சொன்னால் இரண்டும் ஒன்றல்ல. பிரிட்டன் 1824-இல் பழைய கேலன்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, பத்து பவுண்டு தண்ணீர் கொள்வதே கேலன் என்று புதிதாக வகுத்தது. இன்று அது 4.546 லிட்டர். அதற்கு முன்பே பிரிந்து போன அமெரிக்கா, பிரிட்டன் கைவிட்ட ஒயின் கேலனையே பிடித்துக்கொண்டது. அது 231 கன அங்குலம், 3.785 லிட்டர். பிரிட்டிஷ் கேலன் அமெரிக்கக் கேலனைப் போல ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் குறைவு; 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பைண்ட் இரண்டு ஊரிலும் கேலனில் எட்டில் ஒன்றுதான். பிரிட்டனில் 568 மி.லி., அமெரிக்காவில் 473. ஆனால் பிரிட்டனில் பைண்டுக்கு இருபது அவுன்ஸ், அமெரிக்காவில் பதினாறு. அதனால் திரவ அவுன்ஸ் மட்டும் தலைகீழ்: அமெரிக்க அவுன்ஸ் 29.6 மி.லி., பிரிட்டிஷ் அவுன்ஸ் 28.4. பெரிய கேலனுக்குச் சின்ன அவுன்ஸ். இதை நினைவில் வைக்க முயல வேண்டாம், தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். லண்டன் கடையில் பால் டப்பாவில் 2.272 லிட்டர் என்று வினோதமான எண் இருப்பதன் ரகசியம், அது நாலு பைண்ட் என்பதுதான்.

மைலேஜ் பேச்சில் இது பெரிய வம்பு. தம்பியின் கார் கேலனுக்கு 40 மைல், அக்காவுடையது 34 என்றால் தம்பி ஜெயித்ததாகத் தோன்றும். பிரிட்டிஷ் எண்ணை 0.354-ஆல், அமெரிக்க எண்ணை 0.425-ஆல் பெருக்கினால் லிட்டருக்குக் கிலோமீட்டர் வரும். தம்பிக்கு 14.2, அக்காவுக்கு 14.5. அக்காதான் ஜெயித்தார். கச்சா எண்ணெய் பீப்பாய் எப்போதும் 42 அமெரிக்கக் கேலன், 159 லிட்டர். பீப்பாய் 80 டாலர் என்றால் லிட்டர் அரை டாலர்.

சமையல் குறிப்பில் கப் என்று வந்தால் அமெரிக்கக் குறிப்புக்கு 240 மி.லி., ஆஸ்திரேலியக் குறிப்புக்கு 250. இந்தப் பத்து மில்லியில் எந்தக் கேக்கும் கெட்டுப் போகாது. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி மட்டும் 20 மி.லி., மற்ற இடங்களில் 15. பேக்கிங் சோடாவில் அந்த வித்தியாசம் நாக்கில் தெரியும்.

கொள்ளளவு வேறு, எடை வேறு

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் புத்தம் புதிய போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்துபோய், அடுத்தடுத்து இரண்டு எஞ்சினும் நின்றன. கனடா அப்போது மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. பயணத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். ஒரு லிட்டர் விமான எரிபொருள் 0.803 கிலோ. ஆனால் கணக்குப் போட்டவர்கள் பழைய பழக்கத்தில் 1.77-ஆல் பெருக்கினார்கள். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். 6,170 கிலோ இருந்த இடத்தில் 13,597 கிலோ இருப்பதாக விடை வந்தது. மீதியையும் அதே எண்ணால் வகுத்து 4,900 லிட்டர் மட்டும் ஊற்றினார்கள். வேண்டியிருந்தது சுமார் 20,000 லிட்டர். விமானி அதைக் கிளைடர் போல மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். யாரும் சாகவில்லை.

பெருக்கும் எண்ணை மட்டும் எழுதாமல் அதன் அலகையும் பக்கத்தில் எழுதியிருந்தால் தப்பு அங்கேயே கண்ணில் பட்டிருக்கும். "லிட்டருக்கு 1.77 பவுண்டு" என்று முழுதாக எழுதினால், கிலோ தேடும் கணக்கில் அதைப் போடக் கை வராது.

தண்ணீருக்கு மட்டும்தான் லிட்டரும் கிலோவும் ஒன்று. செக்கு எண்ணெய்க் கடையில் ஒருவர் லிட்டர் 300 ரூபாய் என்கிறார், எதிர்க்கடையில் கிலோ 320 என்கிறார்கள் என்று வையுங்கள். சமையல் எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 910 கிராம். கிலோ 320 என்றால் லிட்டர் 291 ரூபாய்தான் ஆகிறது. எதிர்க்கடைக்குப் போங்கள்.